துளை வழி கர்ப்பப்பை ஆபரேஷன்: முடிவெடுக்கும் நாளிலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை

தொப்புளில் ஒரு சென்டிமீட்டர் துளை, அடிவயிற்றில் அரை சென்டிமீட்டர் துளை இரண்டு அல்லது மூன்று. சிறு துளை வழியே கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் கர்ப்பப்பை எடுத்தவரின் வயிற்றில் வெளியே தெரிவது இவ்வளவுதான். பத்து நாளில் காய்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத தையல் ஒன்று உள்ளே இருக்கிறது. கர்ப்பப்பையை எடுத்ததும் பிறப்புறுப்பின் மேல்முனை திறந்து நிற்கும். அதை இழுத்துத் தைத்து மூடுவார்கள். அந்த உள் தையல் பலம் பெற எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வேண்டும். துளை காய்ந்ததைப் பார்த்து உடம்பு தேறிவிட்டதென்று குடம் தூக்குவதும், பதினைந்தாம் நாளே தறியில் உட்காருவதும் நல்லபடியாக முடிந்த ஆபரேஷனைக் கெடுத்துவிடும்.

கர்ப்பப்பைத் தசையில் வளரும் ஃபைப்ராய்டு கட்டி, கர்ப்பப்பைச் சுவர் தடித்து வலிக்கும் அடினோமயோசிஸ், மருந்துக்கு நிற்காத உதிரப்போக்கு, கர்ப்பப்பை கீழே இறங்கும் அடி இறக்கம் ஆகிய புற்றுநோய் அல்லாத காரணங்களுக்காகக் கர்ப்பப்பை எடுக்கச் சொல்லப்பட்டிருக்கும் பெண்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்ளப் போகிற வீட்டாருக்கும் இது. சேலம் டவுனில் இருப்பவர்களுக்கும் ஏற்காட்டு மலைக் கிராமங்களில் இருப்பவர்களுக்கும் சில இடங்களில் யோசனை வேறுபடும். அங்கங்கே தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

முதலில், எடுத்தே ஆக வேண்டுமா?

ஆபரேஷன் எப்படி முடியும் என்பதில் பாதி இந்தக் கேள்வியிலேயே தீர்மானமாகிவிடுகிறது. தேவையில்லாமல் எடுத்த கர்ப்பப்பைக்கு எவ்வளவு திறமையான கை கிடைத்தாலும் பலன் நல்லதாக இருக்காது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குள்ளான பெண்களில் 3.3 சதவீதம் பேர் கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள். அதில் பலருக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் தயாரித்த வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் சொன்னது சும்மா இல்லை.

ஸ்கேனில் கட்டி தெரிகிறது என்பது மட்டும் காரணமல்ல. தொந்தரவு தராத ஃபைப்ராய்டை விட்டுவிடலாம். மாதவிடாய் நின்ற பிறகு அது பெரும்பாலும் சுருங்கும். வெள்ளைப்படுதல் காரணமல்ல. ‘கர்ப்பப்பை வாயில் புண்’ என்று சொல்லப்படுவதும் பெரும்பாலும் காரணமல்ல. ‘விட்டால் கான்சர் ஆகிவிடும்’ என்று யாராவது சொன்னால், எந்தப் பரிசோதனையை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். ரிப்போர்ட் காட்டவில்லை என்றால் இன்னொரு டாக்டரிடம் போங்கள். நாற்பது வயதுக்குக் கீழே இருந்தால் இரண்டாவது கருத்து கேட்காமல் கையெழுத்தே போட வேண்டாம்.

உதிரப்போக்குதான் பிரச்சினை என்றால் ஆபரேஷனுக்கு முன்னால் சில படிகள் இருக்கின்றன. டிரானெக்ஸாமிக் அமிலம் 500 மில்லிகிராம் மாத்திரை, வேளைக்கு இரண்டு, தினம் மூன்று வேளை, போக்கு அதிகமாக உள்ள நாட்களில் மட்டும் அதிகபட்சம் ஐந்து நாள் என்பது வழக்கமான அளவு. காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கு இது ஆகாது. மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிப் போடக் கூடாது. அடுத்தது, ஹார்மோன் சுரக்கும் லூப். லெவோநார்ஜெஸ்ட்ரல் 52 மில்லிகிராம் கொண்டது, குறைந்தது ஐந்து ஆண்டு வேலை செய்யும். இதைப் போட்ட முதல் மூன்று முதல் ஆறு மாதம் சொட்டுச் சொட்டாகக் கசிவு இருக்கும். இதைச் சொல்லாமல் போட்டுவிடுவதால்தான் பலர் இரண்டாம் மாதமே எடுக்கச் சொல்லி வருகிறார்கள். கர்ப்பப்பையின் உள்ளறையை நெளித்துக்கொண்டு ஃபைப்ராய்டு இருந்தால் லூப் நிற்காமல் வெளியே வந்துவிடலாம். அவர்களுக்குக் கட்டியை மட்டும் எடுப்பது, கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைப்பது போன்ற வழிகள் உண்டு.

மருந்து கேட்கவில்லை, ஹீமோகுளோபின் ஏற்ற ஏற்ற இறங்குகிறது, கட்டி சிறுநீர்ப்பையை அழுத்துகிறது, அடினோமயோசிஸ் வலியில் மாதம் பத்து நாள் படுக்கை என்று இருந்தால் ஆபரேஷன் நியாயமானது. அப்படிச் சரியான காரணத்துக்காகச் செய்துகொண்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் திருப்தியோடு இருக்கிறார்கள். வலி மட்டுமே காரணமாக இருந்து, உதிரப்போக்கும் இல்லாமல் ஸ்கேனிலும் ஒன்றும் இல்லாமல் எடுத்தால், கர்ப்பப்பை போன பிறகும் வலி நீடிக்க வாய்ப்புண்டு. வலி குடலிலிருந்தோ தசையிலிருந்தோ வந்திருக்கும்.

கத்திக்கு முன் ஒரு பயாப்ஸி

45 வயதுக்கு மேல் போக்கு அதிகம் என்றாலோ, மாதவிடாய் நின்றபின் ஒரு சொட்டு பட்டாலும்கூட, கர்ப்பப்பை உள்சுவரிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதிக்காமல் ஆபரேஷன் வேண்டாம். வயது குறைவாக இருந்தாலும் உடல் பருமன், சினைப்பை நீர்க்கட்டி (பி.சி.ஓ.எஸ்.), சர்க்கரை உள்ளவர்களுக்கு இதே விதி. கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை வழித்தெடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் பரிசோதனையும் வேண்டும். இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், துளை வழியாகவோ கீழ்வழியாகவோ பெரிய கர்ப்பப்பையை முழுசாக எடுக்க முடியாதபோது துண்டு போட்டுத்தான் எடுப்பார்கள். உள்ளே தெரியாமல் புற்றுநோய் இருந்தால் துண்டு போடும்போது அது வயிற்றுக்குள் சிதறும். வயிற்றுக்குள் சுழலும் கருவி வைத்து அரைத்து எடுப்பதைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014இல் எச்சரித்தது. ஃபைப்ராய்டு என்று நினைத்து ஆபரேஷன் செய்யப்படும் பெண்களில் ஏறத்தாழ 350இல் ஒருவருக்குச் சார்கோமா என்ற புற்றுநோய் ஒளிந்திருக்கலாம் என்பது அப்போது அவர்கள் போட்ட கணக்கு. அதனால் துண்டு போட வேண்டி வந்தால் வயிற்றுக்குள் பை விரித்து, அந்தப் பைக்குள்ளேயே வெட்டி எடுக்கிறார்களா என்று கேட்டு வையுங்கள்.

எந்த வழி?

‘துளை போட்டால்தான் நவீனம்’ என்று ஒரு நினைப்பு இருக்கிறது. வயிற்றில் துளையே போடாமல் கீழ்வழியாக, அதாவது பிறப்புறுப்பு வழியாக எடுப்பதுதான் இருப்பதிலேயே குறைந்த காயம் உள்ள முறை. அது 1813இலேயே ஜெர்மனியில் செய்யப்பட்டது. லேப்ராஸ்கோப்பியில் முதல் ஆபரேஷன் நடந்தது 1988இல், அமெரிக்காவில். அடி இறக்கம் உள்ளவர்களுக்கும், சுகப்பிரசவம் ஆகி, கர்ப்பப்பை பன்னிரண்டு வாரக் கர்ப்ப அளவுக்குள் இருப்பவர்களுக்கும் கீழ்வழிதான் முதல் தேர்வு. நேரம் குறைவு, செலவு குறைவு, முதுகில் ஊசி போட்டே செய்யலாம். உலகளவில் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் இதையே சொல்கிறார்கள்: கீழ்வழி முடிந்தால் கீழ்வழி, முடியாவிட்டால் லேப்ராஸ்கோப்பி, இரண்டும் முடியாவிட்டால் வயிற்றைத் திறப்பது.

லேப்ராஸ்கோப்பி எப்போது தேவைப்படும்? முந்தைய சிசேரியன்களால் சிறுநீர்ப்பை கர்ப்பப்பையோடு ஒட்டியிருக்கும் சந்தேகம், எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சுவர் போன்ற திசு வெளியே வளர்வது), கர்ப்பப்பை கீழே இறங்கவே இல்லாதது, சினைப்பையையும் பார்க்க வேண்டியது ஆகிய நிலைகளில். வயிற்றைத் திறந்து செய்வதோடு ஒப்பிட்டால் வலி குறைவு, ரத்தம் குறைவு, காயத்தில் சீழ் பிடிப்பது குறைவு. வழக்கமான வேலைக்குத் திரும்புவது ஏறத்தாழ இரண்டு வாரம் முன்னதாகவே நடக்கிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு. சிறுநீர்ப்பையிலோ, சிறுநீரகத்திலிருந்து அதற்கு வரும் சிறுநீர்க்குழாயிலோ காயம் படுவது திறந்த ஆபரேஷனைவிட லேப்ராஸ்கோப்பியில் அதிகம். 2004இல் பிரிட்டனில் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வில், பெரிய சிக்கல்கள் லேப்ராஸ்கோப்பியில் 11.1 சதவீதம், திறந்த முறையில் 6.2 சதவீதம். நடுவில் வயிற்றைத் திறக்க வேண்டி வந்ததையும் சிக்கலாகவே எண்ணிய கணக்கு அது. இன்று கைப்பழக்கமும் கருவிகளும் மேம்பட்டுவிட்டன என்றாலும், டாக்டரின் அனுபவத்தை ஏன் கேட்க வேண்டும் என்பது அந்த எண்ணிலிருந்து விளங்கும். ரோபோ முறைக்கு, சாதாரணக் காரணங்களுக்கான ஆபரேஷனில், லேப்ராஸ்கோப்பியைவிடத் தெளிவான கூடுதல் பலன் நிரூபணமாகவில்லை. அதற்காக நிலத்தை அடகு வைக்க வேண்டியதில்லை. ‘லேசர் ஆபரேஷன்’ என்று ஊரில் சொல்வதும் லேப்ராஸ்கோப்பியைத்தான். அதில் பெரும்பாலும் லேசரே கிடையாது.

ஓ.பி.யில் நேரம் கம்மி. அதனால் கேள்விகளை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: “கீழ்வழியா எடுக்க முடியாதாங்க டாக்டர்? முடியாதுன்னா ஏன்?” “மாசத்துக்கு எத்தனை பேருக்கு இப்படிச் செய்றீங்க?” “சினைப்பைய விடுவீங்களா, எடுப்பீங்களா?” “கர்ப்பப்பை வாயும் சேர்த்து வருமா?” கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்ற பயம் வேண்டாம். இவை வழக்கமான கேள்விகள்தான்.

சினைப்பை விஷயத்தில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாதவிடாய் நிற்காதவருக்கு, சினைப்பை நன்றாக இருந்தால், அதை விட்டுவிட வேண்டும். ‘எப்படியும் உள்ளே போகிறோம், அதையும் எடுத்துவிடலாம்’ என்பது தவறு. 45 வயதுக்கு முன் இரண்டு சினைப்பையும் போனால் எலும்புத் தேய்வும் இதய நோயும் கூடும். கருக்குழாய்கள் இரண்டையும் எடுப்பது வேறு விஷயம். அவற்றால் இனிப் பயனில்லை, எடுத்தால் பிற்காலத்தில் சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறையும். சினைப்பையை விட்டாலும் மாதவிடாய் முடிவுக்கான அறிகுறிகள் சில ஆண்டு முன்பாகவே வரலாம்.

ஆபரேஷனுக்கு முந்தைய ஆறு வாரம்

ரத்தம் ஏற்றிக்கொண்டு மறுநாளே ஆபரேஷன் செய்துகொள்வதைவிட, ஒரு மாதம் எடுத்து இரும்புச்சத்தை ஏற்றுவது நல்லது. ஹீமோகுளோபின் 10க்கு மேல் இருக்கட்டும். 11, 12 என்றால் இன்னும் நல்லது. இரும்பு மாத்திரையைத் தினமும் ஒன்று, அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள், வெறும் வயிற்றில் எலுமிச்சை ஜூஸோடு போடலாம். காபி, டீ, பால் எதுவும் அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது கூடாது. காபித் தோட்டத்திலேயே வேலை செய்து, எழுந்ததும் கருப்பட்டிக் காபி குடிப்பவரிடம் இதைச் சொல்வது லேசல்ல. மாத்திரையை இரவு படுக்கும்போது போட்டுக்கொண்டால் சண்டையே இல்லை. மலம் கருப்பாகப் போவது இரும்பினால்தான், பயப்பட வேண்டாம். 8க்குக் கீழே இருந்தாலோ மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றாலோ இரும்பை டிரிப்பாக ஏற்றலாம். அயர்ன் சுக்ரோஸ் என்றால் 200 மில்லிகிராம் வீதம் பல முறை. ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்றால் 1000 மில்லிகிராம் வரை ஒரே தடவையில். எண்ணிக்கை ஏற இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும் என்பதால் தேதியை அதற்கேற்ப வையுங்கள். அதுவரை போக்கை நிறுத்தி வைக்க ஹார்மோன் மாத்திரையோ மாதாந்திர ஊசியோ தருவார்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கம் ஏற்றுவதும் மறுபக்கம் கொட்டுவதுமாகப் போகும்.

சர்க்கரை இருந்தால் மூன்று மாதச் சராசரி அளவு 8க்குள் வரட்டும். ஆபரேஷன் நாளில் 180க்குள் இருக்க வேண்டும். கெட்ட வாடையுடன் வெள்ளைப்படுதல் இருந்தால் முன்கூட்டியே மருந்து போட்டுச் சரிசெய்துவிட வேண்டும். அந்தக் கிருமி உள்ளே இருக்கும்போது தைத்தால் உள் தையல் சீழ் பிடிக்கும். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் நான்கு வாரம் முன்பே விடுங்கள். நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும், தையல் ஆறாது. ரத்தம் இளகும் மாத்திரை, நாட்டு மருந்து, சித்த மருந்து எது சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள். இளகும் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது.

தேதி குறிக்கும்போது நாள் நட்சத்திரம் பார்ப்பது உங்கள் இஷ்டம். பன்னிரண்டு வாரத்தைக் காலண்டரில் எண்ணிப் பார்ப்பது கட்டாயம். தோட்ட வேலை செய்பவர்கள் அக்டோபரில் ஆபரேஷன் வைத்துக்கொண்டால் நவம்பர் முதல் ஜனவரி வரையிலான காபி பறிப்பில் கூலி போகும், அல்லது உடம்பு போகும். காபியும் மிளகும் முடிந்த பிறகு, மார்ச் ஏப்ரலில் வைத்தால் இரண்டும் தப்பும். வடகிழக்குப் பருவமழையில் மலைப்பாதையில் மண் சரிந்தால் அவசரத்துக்கு இறங்க முடியாது என்பதும் அக்டோபரைத் தவிர்க்க இன்னொரு காரணம். டவுன்காரர்கள் ஆடி மாதக் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வீடு நிறைய விருந்தாளி வருவதைக் கணக்கில் வையுங்கள். ஜூன் கடைசியில் ஆபரேஷன் செய்துகொண்டு ஆடியில் பந்தி பரிமாற முடியாது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். எந்த ஆபரேஷன் எந்த மருத்துவமனையில் அதில் வரும் என்பதை அங்குள்ள காப்பீட்டுக் கவுன்ட்டரில் முதலில் கேளுங்கள். முன் அனுமதி வந்த பிறகே அட்மிட் ஆக வேண்டும். ஸ்கேன், பயாப்ஸி, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், அட்டை, ஆதார் எல்லாவற்றுக்கும் இரண்டு செட் நகல் கையில் இருக்கட்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகப்பேறு, மகளிர் நோய்ப் பிரிவு இருக்கிறது. தனியாரிடம் போகும் முன் இரண்டாவது கருத்துக்கு அங்கேயும் போகலாம்.

அந்த நாளில்

சாப்பாடு ஆறு மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். பால் கலக்காத தெளிந்த நீர் மட்டும் இரண்டு மணி நேரம் முன்பு வரை பெரும்பாலும் அனுமதி. உங்கள் மயக்க மருந்து டாக்டர் சொல்வதே இறுதி. வீட்டில் பிளேடால் மழித்துக்கொண்டு போகாதீர்கள், சிறு கீறலில் கிருமி நுழையும். தேவைப்பட்டால் அங்கேயே டிரிம்மரால் வெட்டுவார்கள். முழு மயக்கம் தருவார்கள். வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்பி, தலைப்பக்கம் தாழ்வாகச் சாய்த்து, குடலை மேலே ஒதுக்கிவிட்டு வேலை தொடங்கும். கர்ப்பப்பையைப் பிடித்திருக்கும் நாண்கள், சிறுநீர்ப்பை ஒட்டு, பிறகு இருபுறமும் கர்ப்பப்பைக்கு வரும் ரத்தக்குழாய் என்று ஒவ்வொன்றாகச் சுட்டு வெட்டி, கடைசியில் கர்ப்பப்பையைக் கீழ்வழியே வெளியே எடுத்துவிட்டு உள் தையல் போடுவார்கள். ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம் ஆகலாம். நடுவில் ஒட்டு அதிகம் என்றோ ரத்தம் நிற்கவில்லை என்றோ வயிற்றைத் திறக்க முடிவெடுத்தால் அது தோல்வி அல்ல. திறக்காமல் பிடிவாதம் பிடிப்பதுதான் ஆபத்து. அதற்கான சம்மதத்தையும் முன்பே கையெழுத்தாக வாங்கிவிடுவார்கள்.

விழித்ததும் வயிற்றைவிடத் தோள்பட்டை அதிகம் வலிக்கலாம். மிச்சமிருக்கும் வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது அது. நடக்க நடக்க ஒன்று முதல் மூன்று நாளில் போய்விடும். அன்று சாயங்காலமே எழுந்து நடக்க வைப்பார்கள். படுத்தே இருந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்துவிடலாம் என்பதால், நர்ஸ் திட்டி எழுப்பினாலும் கோபப்படாமல் நடங்கள். யூரின் டியூபை அன்றோ மறுநாளோ எடுப்பார்கள். எடுத்த ஆறு மணி நேரத்துக்குள் சிறுநீர் போகவில்லை என்றால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். நிரம்பி வழியும் வரை காத்திருந்தால் சிறுநீர்ப்பை தளர்ந்துவிடும்.

எது தவறலாம், எப்படித் தெரியும்

ஒரே ஒரு அளவுகோல் போதும்: லேப்ராஸ்கோப்பிக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட நன்றாக இருக்க வேண்டும். மூன்றாம் நாள் இரண்டாம் நாளைவிட மோசமாக இருந்தால் ஏதோ தவறு. திறந்த ஆபரேஷனில் வலி கொஞ்சம் ஏறி இறங்கும். இதில் அப்படி இருக்கக் கூடாது.

குடலில் காயம் பட்டால், அதுவும் சூட்டுக் கருவி பட்டு வெந்திருந்தால், அன்றே தெரியாது. வெந்த இடம் மூன்றாம் நாள் முதல் ஒரு வாரத்துக்குள் ஓட்டையாகும். வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றுப் பிரியாமல், காய்ச்சலும் படபடப்புமாக இருக்கும். இருநூறு பேரில் ஒருவருக்குக்கூட வராத சிக்கல்தான், ஆனால் ஒரு நாள் தாமதித்தால் உயிருக்கே வரும். ‘கேஸ்தான், சோடா குடி’ என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வதால்தான் அந்த ஒரு நாள் போகிறது.

சிறுநீர்க்குழாய் கர்ப்பப்பை வாய்க்கு இரண்டு சென்டிமீட்டருக்குள், கர்ப்பப்பைக்கு வரும் ரத்தக்குழாய்க்கு அடியிலேயே ஓடுகிறது. அதனால்தான் அது மாட்டிக்கொள்கிறது. ஒரு பக்க விலா அடியில் வலி, காய்ச்சல், சிறுநீர் குறைவது ஆகியவை அடையாளம். அல்லது ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் பிறப்புறுப்பு வழியே தண்ணீர் போல விடாமல் கசியும். உள்பாவாடை எப்போதும் ஈரமாக இருக்கும், சிறுநீர் வாடை அடிக்கும். இது வெள்ளைப்படுதல் அல்ல. சிறுநீர்ப்பை, சிறுநீர்க்குழாய்க் காயங்கள் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு வரலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் நன்றாகச் சரிசெய்ய முடியும். ஆபரேஷன் முடிவில் சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பழக்கம் உள்ள டாக்டர் கிடைத்தால் அது ஒரு நல்ல அடையாளம்.

லேசான பழுப்புக் கசிவு நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரம்கூட இருக்கும். பத்தாம் நாள் முதல் பதினான்காம் நாளுக்குள், தையல் நூல் கரையும்போது, கொஞ்சம் சிவப்பாகப் படுவது சகஜம். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனைந்தால், கட்டி கட்டியாகப் போனால், சீழ் வாடை அடித்தால், காய்ச்சல் 100.4க்கு மேல் போனால், கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால் காத்திருக்காதீர்கள். 108க்கு அழையுங்கள்.

உள் தையல் பிரிவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. என்றாலும் திறந்த முறையையும் கீழ்வழி முறையையும்விட லேப்ராஸ்கோப்பியில் இது அதிகம். சூட்டால் வெட்டியதால் ஓரத் திசு மெதுவாக ஆறுவது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. வெளியே எல்லாம் ஆறி, உடம்பு தெம்பாக இருக்கும் ஆறாவது, எட்டாவது வாரத்தில்கூட நடக்கும். பெரும்பாலும் உடலுறவுக்குப் பிறகு, அல்லது பாரம் தூக்கியபோது, மலம் போக முக்கியபோது. திடீரென்று தண்ணீரும் ரத்தமுமாக வரும், ஏதோ கீழே இறங்குவது போலிருக்கும். குடல் வெளியே வந்தால் உள்ளே தள்ள முயலாதீர்கள். சுத்தமான ஈரத்துணியால் மூடி, படுத்த நிலையிலேயே 108இல் கொண்டு போக வேண்டும். எதுவும் சாப்பிடக் கொடுக்கக் கூடாது, உடனே ஆபரேஷன் இருக்கும். பன்னிரண்டு வாரம், குறைந்தது டாக்டர் உள்ளே பார்த்துச் சரியென்று சொல்லும் வரை, உடலுறவு வேண்டாம் என்பதை வீட்டுக்காரரையும் உட்கார வைத்து டாக்டர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். மனைவி சொன்னால் சாக்கு என்று நினைக்கிற வீடுகள் இருக்கின்றன.

மலைக்குத் திரும்புவது

லேப்ராஸ்கோப்பி செய்தவரை ஒன்று அல்லது இரண்டு நாளில் டிஸ்சார்ஜ் செய்துவிடுவார்கள். டவுனில் இருந்தால் வீட்டுக்குப் போய்விடலாம். நாகலூர், வாழவந்தி, செம்மநத்தம் பக்கம் இருப்பவர்கள் முதல் ஒரு வாரம் சேலத்திலேயே ஏதாவது சொந்தக்காரர் வீட்டில் தங்குவது நல்லது. மலையின் உயரமோ குளிரோ ஒன்றும் செய்யாது. குடல், சிறுநீர்க்குழாய்ச் சிக்கல்கள் வெளிப்படுவது அந்த ஒரு வாரத்தில்தான். ராத்திரி மூடுபனியில் இருபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி வருவதைவிட அஸ்தம்பட்டியிலிருந்து ஆட்டோவில் வருவது மேல். திரும்பிப் போகும்போது பஸ்ஸில் பின் சீட்டு வேண்டாம். கார் என்றால் முன் சீட்டு. வயிற்றுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் சின்னத் தலையணை வையுங்கள், வளைவில் அதை அணைத்துக்கொள்ளுங்கள். மலையேறினால் வாந்தி வரும் உடம்பு என்றால் அதற்கான மாத்திரையை முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், குமட்டும்போது வயிற்றை இறுக்குவதே தையலுக்கு மோசம்.

வேலைக்கு வேலை வேறு கணக்கு

ஆறு வாரம் வரை ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதுவார்கள். வீட்டுப் பாஷையில் சொன்னால், நிறைந்த பிளாஸ்டிக் குடம் பன்னிரண்டு முதல் பதினைந்து கிலோ; நிரம்பிய கேஸ் சிலிண்டர் ஏறத்தாழ முப்பது; ஈரத்துணி நிறைந்த பக்கெட் பத்துக்கு மேல்; ரேஷன் அரிசிப் பை இருபது. மூன்று வயதுப் பேரனும் பன்னிரண்டு கிலோதான், உட்கார்ந்த இடத்தில் மடிக்கு வரட்டும். அரைக் குடமாக எடுப்பது தந்திரமல்ல, அதுவும் ஏழு கிலோ வரும்.

நடை முதல் நாளிலிருந்தே வேண்டும்: வீட்டுக்குள் ஐந்து நிமிடம், நாளைக்கு நான்கைந்து தடவை, மூன்றாம் வாரத்தில் அரை மணி நேரம். மலையில் சரிவில் ஏறி இறங்காமல் சமதளத்தில். படி ஏறலாம், மெதுவாக. இந்தியன் டாய்லெட்டில் உட்காரலாம், முக்கக் கூடாது. அதனால் மலச்சிக்கல் வராமல் பார்ப்பது இந்த ஆபரேஷனில் பாதி வைத்தியம்: தினம் இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீர், கீரை, பழம், தேவைப்பட்டால் லாக்டுலோஸ் சிரப் அல்லது இசப்கோல். ‘தண்ணி குடிச்சா புண்ணு சீழ் வைக்கும்’ என்று பச்சை உடம்புக்காரர்களுக்குச் சொல்லும் பழைய பத்தியம் இங்கே நேர் எதிரான கெடுதல் செய்யும். முட்டை, பருப்பு, மீன், தயிர் எல்லாம் சாப்பிடலாம். புரதம் இல்லாமல் தையல் எப்படி ஆறும்?

தையல் மிஷின், வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் உட்கார்ந்து செய்யும் வேலை, கடையில் கணக்கு எழுதுவது போன்றவை மூன்று வாரத்தில் தொடங்கலாம், மணிக்கொரு முறை எழுந்து நடந்தபடி. கைத்தறியில் மிதி மிதிப்பதும் பாவு இழுப்பதும் அடிவயிற்றைப் பிடிக்கும். ஆறு வாரம் போகட்டும். விசைத்தறியில் எட்டு மணி நேரம் நிற்பதும் அதே. டூ வீலர் மூன்று வாரத்துக்குப் பின், அவசரப் பிரேக் பிடித்தால் வயிறு வலிக்காது என்று நிச்சயமானால் மட்டும். நூறு நாள் வேலையில் மண் சுமப்பது, தோட்டத்தில் பறித்த பழத்தை மூட்டையாக முதுகில் சுமப்பது, ஏணி வைத்து மிளகு பறிப்பது, விறகுக்குப் போவது எல்லாம் பன்னிரண்டு வாரம் கழித்துத்தான். மேஸ்திரியிடம் காட்ட, எந்த வேலை எத்தனை வாரம் கூடாது என்று டாக்டரிடம் சீட்டாக எழுதி வாங்குங்கள்.

வயிற்றைச் சுற்றிப் பெல்ட் போடுவது கட்டாயமல்ல. இருமும்போது ஆறுதலாக இருந்தால் போடலாம். இரண்டு வாரம் கழிந்தபின் சிறுநீரை அடக்குவது போலத் தசையை இறுக்கி ஐந்து எண்ணி விடும் பயிற்சியைப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை செய்யுங்கள்.

பத்திரப்படுத்த வேண்டிய தாள்கள்

எடுத்த கர்ப்பப்பையைப் பயாப்ஸிக்கு அனுப்புவார்கள், ரிப்போர்ட் ஒன்று முதல் இரண்டு வாரத்தில் வரும். தையல் பார்க்கப் போகும் அன்றே அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். ஆயிரத்தில் சிலருக்கு அதில்தான் எதிர்பாராத செய்தி இருக்கும், அதைக் கேட்டு வாங்காமலேயே விட்டுவிடுகிறவர்கள் நிறைய. டிஸ்சார்ஜ் சம்மரியில் மூன்று விஷயம் எழுதியிருக்கிறதா என்று வீட்டில் படித்தவர் ஒருவர் பார்க்கட்டும்: சினைப்பை எடுத்தார்களா, ஒன்றா இரண்டா, கருக்குழாய் எடுத்தார்களா, கர்ப்பப்பை வாய் போய்விட்டதா, விட்டிருக்கிறார்களா. வாயை விட்டிருந்தால் மாதாமாதம் லேசாகப் படலாம், பாப் ஸ்மியரும் தொடர வேண்டும். இரண்டு சினைப்பையும் 45க்கு முன் போயிருந்தால், மாதவிடாய் இயல்பாக நிற்கும் வயது வரை ஹார்மோன் மாத்திரை, கால்சியம், வைட்டமின் டி பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். பத்து வருடம் கழித்து அடிவயிறு வலிக்கிறது என்று வேறு டாக்டரிடம் போகும்போது, ‘எல்லாத்தையும் எடுத்துட்டாங்க’ என்பதற்கு மேல் சொல்லத் தெரியாமல் நிற்பதைவிட, அந்தத் தாளை ரேஷன் கார்டோடு ஒரே கவரில் போட்டு வைத்திருப்பது உதவும்.